முப்பது குறைகிறது

ஒரு மணிக்கு இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினோம்.
ஒரு நிமிடம் பிந்தி ஓடி வந்தவன்
கம்பியைப் பிடித்தபடி நின்றான்.
பெலெம் நகரத்து நவம்பர் வெயில்
அவனுக்கும் எங்களுக்கும் ஒரே அளவுதான்.

இன்று நான் கணக்கு வாத்தியார் இல்லை,
தேர்வறைக் கண்காணிப்பாளன்.
பேசக் கூடாது.
சிரிக்கலாமா என்பது பற்றி விதிப்புத்தகத்தில் ஒன்றும் இல்லை.
சத்தம் போடாத காலணியில்
வரிசைகளுக்கு நடுவே நடக்கலாம், அவ்வளவே.

நான்காம் வரிசை, ஜன்னலோரம்.
மேசையில் ஒட்டிய சீட்டில் பெயர்: டொராலிசி.
பிறந்த ஆண்டைப் பார்த்தால்
என்னைவிட இரண்டு வயது மூத்தவள்.
நகக்கண்களில் ஊதாக் கறை.
அசாயிப் பழம் அரைத்து விற்பவளாக இருக்கும்;
எந்தச் சோப்புக்கும் மசியாத கறை அது.
பக்கத்து மேசைப் பையனின் மீசை
வளர்வதா வேண்டாமா என்று
இன்னும் முடிவெடுக்கவில்லை.

ஆற்றைக் கடக்கும் படகில் நூற்றிருபது பேர்.
பெரியவருக்கு ஏழு ரெயால், சிறுவருக்கு நான்கு.
வசூல் அறுநூற்றுத் தொண்ணூறு.
பெரியவர்கள் எத்தனை பேர்?
கீழே ஐந்து விடைகள், ஏணிப்படிபோல:
நாற்பது, ஐம்பத்தைந்து, அறுபது, எழுபது, எண்பத்தைந்து.

பையன் கேள்வி முடியும் முன்பே எக்ஸ் என்று எழுதிவிட்டான்.
அவள் எழுதவில்லை.
தர்பூசணி வாங்குகிறவள் மாதிரி
நடு விடையைப் பேனா முனையால்
இரண்டு தட்டு தட்டிக் காதால் கேட்டாள்.

அறுபது பெரியவர்களைப் படகில் ஏற்றினாள்.
ஓரத்தில் நானூற்று இருபது.
மீதி அறுபது பிள்ளைகள், இருநூற்று நாற்பது.
கூட்டினால் அறுநூற்று அறுபது.

இருபது வருடமாக இதற்குத்தான்
நான் பூஜ்யம் போட்டுவந்தேன்.
வழி எங்கே என்று சிவப்பு மையில் கேட்டேன்.
விடையிலிருந்து கேள்விக்குப் போவது
கொல்லைப்புறமாக வீடு புகுவது என்று நக்கலடித்தேன்.
வகுப்பு சிரித்தது.
சிரிக்காத முகங்களும் இருந்தன,
அவை இப்போது வேண்டாம்.

முப்பது குறைகிறது என்று எழுதி வட்டமிட்டாள்.
இனி எழுபதைப் போட்டுப் பார்ப்பாள், குருட்டாம்போக்கில்,
என்று நினைத்தேன்.
பேனா நின்றது.
மூன்று மணி மழை தகரக் கூரையில் இறங்கியது;
இந்த ஊர் மழைக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியும்.
ஓரத்தில் பத்துக் கோடுகள் கிழித்தாள்,
ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு மூன்று.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது.
படகிலிருந்த பிள்ளைகளில் பத்துப் பேரை
எழுப்பி நிற்கவைத்து
ஆளுக்கு மூன்று ரெயால் கூடுதலாக வாங்கி
பெரியவர்களாக்கிக்கொண்டிருக்கிறாள்.

மூன்று ரெயால்.
எந்தத் துறையில் எனக்கு அது ஏறியது?
அம்மா பத்து வயதுதான் என்று சாதித்தாள்.
சீட்டுக் கிழிப்பவர் முகத்தைப் பார்க்கவில்லை,
அரைக்கால் சட்டைக்குக் கீழே
என் முழங்காலைப் பார்த்தார்.
அப்போது பணத்துக்கே வேறு பெயர்.
அன்று எழுந்து நின்றவன்தான், இன்னும் உட்காரவில்லை.

நூறு முறை கரும்பலகையில் அந்தப் பத்தைக் கடந்திருக்கிறேன்,
குறியை மாற்றி, பக்கம் மாற்றி,
ஒரு முகத்தையும் பார்க்காமல்.

அவளோ அதையும் நம்பவில்லை.
எழுபதைப் போட்டாள்: நானூற்றுத் தொண்ணூறு.
ஐம்பது பிள்ளைகள்: இருநூறு.
சரியாக வந்தபின்தான் நான்காம் வட்டத்தை
விளிம்பு தாண்டாமல் கறுப்பாக்கினாள்.

பையனுக்கு முப்பத்தைந்து வந்தது.
அடைப்புக்குள் இருந்ததை நான்கால் பெருக்க மறந்திருக்கிறான்.
ஐந்து விடைகளில் முப்பத்தைந்து இல்லை.
என்னைப் பார்த்தான்.
நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

கூரையில் ஒரு மாங்காய் விழுந்தது.
அறை முழுவதும் நிமிர்ந்தது, அவளைத் தவிர.
அடுத்த கேள்வியின் நடு விடையை
அவள் தட்டிக்கொண்டிருந்தாள்.